மேடையில் எங்களுக்கும் நாற்காலி போடுங்கள்

பல்கலைக்கழகக் காற்றுவாத்திய நிகழ்ச்சியின் மதிப்புக்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

இந்த வருட நிகழ்ச்சி பற்றி நீங்கள் அனுப்பிய கடிதம் எங்கள் எல்லோருக்கும் கிடைத்தது. மேடையில் மாணவர்கள் மட்டும் வாசிப்பார்களாம். சமூகக் கலைஞர்களாகிய நாங்கள் வாசலில் நின்று பிரதம அதிதியை வரவேற்பு ஊர்வலத்தில் கூட்டிக்கொண்டு வந்தால் போதுமாம். காரணம் என்று இரண்டு சொல்லியிருக்கிறீர்கள்: நிகழ்ச்சியின் தரத்தைப் பேண வேண்டும், வெளியாரில் பலருக்கு நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதிய இசை, படிக்கத் தெரியாது.

அந்த வெளியாரில் நான் ஒருவன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன், டவுனில் வயரிங் வேலை செய்கிறவன், எங்கள் மாதா கோயில் பாண்டில் யூஃபோனியம் என்கிற தாழ்ந்த குரல் பித்தளை வாத்தியம் ஊதுகிறவன். இந்த நிகழ்ச்சி தொடங்கிய காலத்திலிருந்து மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். உங்களுக்குத் தனிக் கடிதம் எழுதினால் அது ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்பது இப்போது குழுவில் இருப்பவர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மாணவர்களிடம் கிளாரினெட் இருந்தது, ட்ரம்பெட் இருந்தது, புல்லாங்குழல் வாசிக்கிற பிள்ளைகள் தேவைக்கு மேலேயே இருந்தார்கள். கீழே நின்று தாங்குகிற குரல்தான் இல்லை. டியூபா, யூஃபோனியம், டிரம்போன் எல்லாம் பழகிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வருகிற பிள்ளைகள் குறைவு. வாத்தியத்தின் விலை அப்படி. பாரமும் அப்படி, டியூபாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், கண்டக்டர் என்ன சொல்வார் என்று தெரியும். போதாததற்கு, மெட்டு அந்த வாத்தியங்களுக்கு எப்போதாவதுதான் வரும். இருபது வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன ஆசை வரும்?

அப்போது உங்கள் விரிவுரையாளர் ஒருவர்தான் ஊர் ஊராக விசாரித்து எங்களைத் தேடிப் பிடித்தார். திருவிழாவுக்கு வாசிக்கிற கோயில் பாண்ட்காரர்கள், கல்யாணங்களுக்குப் போகிற வாத்தியக்காரர்கள், ஓய்வுபெற்ற பொலிஸ் பாண்ட்காரர் ஒருவர், நாதசுரம் வாசிக்கிற அண்ணன், பௌத்த ஊர்வலமான பெரஹராவில் ஹொரணேவ என்கிற குழல் ஊதுகிற சிங்கள ஐயா ஒருவர். நாதசுரமும் ஹொரணேவவும் வாயில் சீவாளி வைத்து ஊதுகிறவை. அந்த இரண்டு பேரும் முதல் நாளே வாத்தியத்தை மாற்றி வைத்து ஊதிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய பாஷை மற்றவருக்குச் சரியாக வராது. அவர்கள் எல்லோரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்தது அந்த விரிவுரையாளர் செய்த வேலை. அதற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறோம். ஆனால் மாணவர்கள் நான்கு வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், விரிவுரையாளர்களுக்கும் மாற்றம் வரும், மேற்படிப்பு வரும். நாங்கள் இங்கேயேதான் இருப்போம். ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிற பிள்ளைக்கு எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும், எந்த இடத்தில் பக்கத்து ஆளைப் பார்க்க வேண்டும் என்று காதோடு சொல்லிக் கொடுத்தது யார் என்று பழைய மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, நொட்டேஷனுக்கு வருகிறேன்.

இந்த முறை எங்களையெல்லாம் கூப்பிட்டுத் தேர்வு வைத்தீர்கள். யூஃபோனியம் வாசிக்கிறவர்களுக்குக் கொடுத்த தாள் பாஸ் கிளெஃபில் இருந்தது. எந்தக் கோடு எந்தச் சுரம் என்று தாளின் தொடக்கத்தில் சொல்கிற அடையாளம்தான் கிளெஃப். கோயில் பாண்டில் பழகியவர்கள் படிப்பது ட்ரெபிள் கிளெஃப். அது பிரித்தானியப் பித்தளை பாண்டின் வழக்கம். சின்னக் கொர்னெட்டிலிருந்து பெரிய பேஸ் வரை கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்துக்கும் ஒரே கிளெஃப், ஒரே விரல்முறை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்து வாத்தியக்காரர் அவருடைய இடத்தில் உட்கார்ந்து சமாளிக்கலாம். தோட்டத்துப் பாண்டுகளுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. இது இசை படித்த எவருக்கும் தெரிந்த விஷயம் என்பதால்தான், காற்றுவாத்தியக் குழுவுக்கென்று அச்சடித்து விற்கிற தாள்கட்டுகளில் பெரும்பாலானவற்றில் யூஃபோனியத்துக்கு இரண்டு தாள் வைத்திருப்பார்கள். ஒன்றின் மூலையில் பாஸ் கிளெஃப் என்பதற்கு பி.சி., மற்றதில் ட்ரெபிள் கிளெஃப் என்பதற்கு டி.சி. என்று போட்டிருக்கும். உங்கள் கட்டிலும் இரண்டும் இருந்தன. தாள் பகிர்ந்துகொண்டிருந்த தம்பியிடம் டி.சி. தாள் இருக்கிறதா என்று நானே கேட்டேன். “இதைத்தான் குடுக்கச் சொன்னாங்க அண்ணே” என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்றத் தாள் உறைக்குள்ளேயே கிடந்தது.

எனக்கு இரண்டு கிளெஃபும் பழக்கம், தப்பித்தேன். எனக்குப் பின்னால் வந்தவருக்கு பாஸ் கிளெஃப் பழக்கமில்லை. முதல் வரியிலேயே நின்றுவிட்டார். அவருக்கு நொட்டேஷன் தெரியாது என்று எழுதிக்கொண்டீர்கள். எங்கள் பாண்டில் சின்னப் பையன்களை உட்கார வைத்து நொட்டேஷன் சொல்லிக் கொடுக்கிறவரே அவர்தான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாதசுர அண்ணனின் கதை வேறு. அவர் ஐந்து கோடு படிப்பவர் இல்லை, படிப்பதாக அவர் சொன்னதும் இல்லை. ச ரி க ம எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டு தடவை காதில் விழுந்தால் அதுவும் வேண்டாம். ஆரம்ப வருடங்களில் கிளாரினெட் வாசித்த மாணவி ஒருவர் அவருக்கென்று தாளைச் சுரமாக எழுதிக் கொடுப்பார். அவர் தன் பங்குக்கு, அந்தப் பிள்ளைக்குச் சுரத்தை வழுக்கிக் கொண்டுபோகிற விதம் சொல்லிக் கொடுப்பார். இந்த நிகழ்ச்சியில் நான் பார்த்ததிலேயே பெறுமதியான படிப்பு அதுதான். அதற்கு எந்தப் பீடத்திலும் புள்ளி போட மாட்டார்கள் என்பது வேறு கதை.

இனித் தரம். போன முறை மேடையில் சுருதி விலகியது. மறைக்க ஒன்றுமில்லை, கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அது வெளியார் வாசிப்பால் வந்தது என்று நீங்கள் எடுத்த முடிவைத்தான் ஏற்க முடியாது.

அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் மூடிய மண்டபத்துக்குள் சுருதி சேர்த்தோம். பிறகு திறந்தவெளி மேடையில் வந்து உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகு பேச்சுகள் ஆரம்பித்தன. வரவேற்புரை, ஆசியுரை, பிரதம அதிதி உரை, அவருக்குப் பொன்னாடை, அவர் திரும்ப நன்றி சொன்னது. பித்தளை எல்லாம் மடியில் கிடந்து குளிர்ந்தது. மலையில் இருட்டிய பிறகு குளிர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும்: 20 பாகையில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர், ஒவ்வொரு பாகை குறையவும் சுமார் 0.6 மீற்றர் குறைகிறது. குழலின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் சுரம் கீழே இறங்கும். ஊதாமல் கிடக்கிற குழல் பத்துப் பாகை குளிர்ந்தால், அரைச் சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். உயரமான இடம் என்பதால் சுருதி கெடுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. உயரம் நேரே ஒன்றும் செய்வதில்லை, குளிர்தான் செய்கிறது.

ஊத ஊத மூச்சுச் சூட்டில் வாத்தியம் மேலே வரும். கிளாரினெட்டும் புல்லாங்குழலும் சீக்கிரம் வந்துவிடும். டியூபாவுக்குள் இருக்கிற குழாயை நிமிர்த்தினால் ஐந்து மீற்றருக்கு மேலே போகும். அதற்கு நேரம் எடுக்கும். முதல் உருப்படி முழுக்க மாணவர்களின் சின்ன வாத்தியங்கள் ஒரு சுருதியிலும் எங்கள் பெரிய வாத்தியங்கள் அதற்குக் கீழேயும் நின்றன. பக்கத்தில் இருந்த மின் கீபோர்டோ குளிரோ சூடோ அசையவே இல்லை. மூன்று சுருதி! மூன்றாவது உருப்படிக்கு வரும்போது எல்லாம் ஒன்றுசேர்ந்துவிட்டதை உங்கள் ஒலிப்பதிவிலேயே கேட்கலாம். அந்த நேரத்துக்குள் எங்கள் கை திருந்திவிட்டதா? வாத்தியம் சூடாகிவிட்டது, அவ்வளவுதான். பேச்சுகளைப் பாதியாக்கினால் சுருதியில் பாதி தானாகவே சேர்ந்துவிடும் என்று நான் அன்றைக்கே பகிடியாகச் சொன்னேன். பகிடி இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

நாதசுரமும் பாண்டும் சேராது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் அண்ணன் பாண்டோடு சேர்ந்து மோகனம் வாசித்த வருடம் அவர் வரவில்லை போலிருக்கிறது. எங்கள் அண்ணன் வாசிக்கிற நாதசுரத்தின் சுருதி இரண்டரைக் கட்டை. ஒரு கட்டை என்பது சி. இரண்டு கட்டை டி. இரண்டரைக் கட்டை ஈ ஃப்ளாட். பாண்டுக்கு ஈ ஃப்ளாட்டை விட வசதியான இடம் எது? கிளாரினெட்காரரின் தாளில் அது எஃப், ஆல்டோ சாக்ஸ்காரரின் தாளில் அது சி, அதாவது பிள்ளைகள் முதல் மாதத்திலேயே பழகுகிற விரல்கள். மோகன ராகத்தில் ஐந்தே சுரத்தை வைத்துக்கொண்டு அவர் ஆலாபனை செய்ய, கீழே நாங்கள் ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னால் நின்று விடாமல் சுருதி பிடிக்கிற ஒத்து ஊத ஆளில்லாமல் சுருதிப்பெட்டியோடு காலம் தள்ளுகிற மனிதருக்குப் பின்னால் நான்கு பித்தளை வாத்தியங்கள் ஒத்தாக நின்றன. முடிந்ததும் அவர் திரும்பி எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சபையில் கைதட்டல் அடங்க நேரமானது. அதைத் தரக்குறைவு என்று எழுத எப்படி மனம் வந்தது?

இது ஏதோ நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த கூட்டும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் பிள்ளைகள் பாடுகிறார்கள். கிளாரினெட் சதிர் நடனக் கச்சேரிக்குள் வந்தது 19ஆம் நூற்றாண்டில். அதைக் கர்நாடக இசையின் தனி வாத்தியமாகவே நிறுத்திக் காட்டியவர் ஏ.கே.சி. நடராஜன். சாக்ஸபோனில் கத்ரி கோபால்நாத். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் உறைத்தது ஊர்வலம்தான்.

கடிதத்தில் தப்பு என்கிற தோல் கருவி அடிக்கிற குழுவையும் எங்களோடு சேர்த்து வாசலுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். 2023இல் மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று எத்தனையோ விழாக்கள் நடந்தன. நான் போன விழாக்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். தப்புக்காரர்கள் வாசலிலிருந்து அதிதிகளை அழைத்து வருவார்கள், அதிதிகள் மேடை ஏறி மலையகக் கலாசாரம் பற்றிப் பேசுவார்கள், தப்புக்காரர்கள் மண்டபத்துக்கு வெளியே பிளேன்டீயைக் குடித்துவிட்டு லொறியில் ஏறிப் போவார்கள். ஒரு காலத்தில் விடியுமுன் தப்படித்துத்தான் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களை எழுப்பிக் காலை ஆள்கணக்கான பிரட்டுக்குக் கூட்டினார்கள். மாசியில் காமன் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூத்தில் ஆள் மாற மாற அடியும் மாறும். அந்த அடிகளை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு முழு உருப்படியைத் தூக்கி நிறுத்தத் தெரியாதா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களுக்கே கசக்கும். தப்படிக்கிறவர் வாசலோடு நிற்க வேண்டும் என்பது உங்கள் கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் தோட்டங்களுக்குள்ளேயே சாதி சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. அதை மாற்ற இளம் பிள்ளைகள் தப்பைக் கையில் எடுத்து மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை ஒரு பல்கலைக்கழகம் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினால், ஊரில் அவர்களைத் தடுத்தவர்களுக்கு நீங்கள் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். நீங்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று நம்புகிறேன். ஆனால் நடக்கப் போவது அதுதான். கல்யாணத்துக்கு மேளம் அழைத்துவிட்டுப் பந்தியில் இலை போடாமல் அனுப்புகிற வீட்டை ஊர் எப்படிப் பேசும் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஒத்திகைக்கு ஒழுங்காக வருவதில்லை என்றும் எங்கள் மேல் ஒரு குறை இருக்கிறது. கிழமை நாளில் பகல் மூன்று மணிக்கு வைத்தால் யார் வருவது? மாணவருக்கு அது விரிவுரை முடிகிற நேரம். மலையில் வேலை செய்கிறவர் அதற்கு வர வேண்டுமென்றால் மத்தியானமே இறங்க வேண்டும், அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். 2024இல் சண்டை பிடித்து நாட்சம்பளத்தை 1,350 ரூபாவுக்குக் கொண்டுவந்த சனத்திடம், ஒரு நாள் சம்பளத்தில் பாதியை விட்டுவிட்டு பஸ்ஸுக்கும் கொடுத்து வா என்று சொல்கிறோம். திரும்பி வரும்போது டவுனிலிருந்து தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ்ஸும் போயிருக்கும். பிறகு நாலு பேர் சேர்ந்து த்ரீவீலுக்குக் கொடுக்க வேண்டும். டியூபாவோடு நாலு பேர் ஏறுவதும் இல்லை. இவ்வளவுக்கும் பிறகு வந்தவர்களைத்தான் ஒழுங்கில்லாதவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்த ஒத்திகைகளின் வரவுப் பதிவையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு நாற்காலியும் காலியாக இருந்ததில்லை. மாணவர் பக்கம்தான் ஊருக்குப் போயிருப்பார்கள்.

மாணவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கடிதம் வந்த பிறகு அவர்களில் சிலர் அழைத்து வருத்தப்பட்டார்கள். தங்களைக் கேட்காமலே முடிவெடுத்ததாகச் சொன்னார்கள். அதனால் இதை உங்கள் குழுவிடம் நேராகவே கேட்கிறேன்.

மேடை மாணவர்களுக்கு மட்டும் என்ற முடிவை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். தேர்வில் நிறுத்தப்பட்ட பித்தளை வாத்தியக்காரர்களை அவர்கள் படிக்கிற கிளெஃபில் தாள் கொடுத்து மறுபடி கேளுங்கள். அப்படியும் சரிவராதவர் இருந்தால் அவரிடமே சொல்லுங்கள், நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம். நாதசுரத்துக்கும் ஹொரணேவவுக்கும் அந்தத் தேர்வே வேண்டாம். அவர்களுக்கென்று ஓர் உருப்படியை ஒதுக்கி, வாசிப்பவர்களையும் கூட வைத்துக்கொண்டு அமையுங்கள். தாள்களை ஒத்திகைக்கு முதல் நாள் இரவு அனுப்பாமல் ஒரு மாதம் முன்பே தாருங்கள்.

ஒத்திகையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். இரண்டு ஒத்திகைக்கு ஒன்றையாவது ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வையுங்கள். மாணவர்களைப் பல்கலைக்கழக பஸ்ஸில் கூட்டி வரலாம், இடத்துக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நாங்கள் பொறுப்பு. உங்கள் பக்கத்தில் நடக்கிற ஒத்திகை இரவானால் எங்களைத் தோட்டத்துச் சந்தி வரையாவது கொண்டுபோய் விடுங்கள்.

தப்புக் குழுவுக்கு நிகழ்ச்சிக்குள்ளேயே நேரம் ஒதுக்கி, வாசிப்பவர்களின் பெயர்களை மாணவர்களின் பெயர்களோடு நிகழ்ச்சி நிரலில் அச்சிடுங்கள். கலாசாரக் குழு என்று ஒரே வரியில் முடிக்க வேண்டாம். ஊர்வலம் கட்டாயம் வேண்டுமென்றால் மாணவர்களும் நாங்களும் கலந்து நின்று வாசித்து வருகிறோம், வந்தபடியே எல்லோரும் மேடைக்குப் போகிறோம்.

பேச்சுகள் அனைத்தையும் பாண்ட் மேடைக்கு வருமுன் முடித்துவிடுங்கள். மேடைக்குப் பக்கத்தில், ஊதிச் சூடாக்கிக்கொண்டு நிற்க ஒரு மூடிய இடம் தாருங்கள். வாத்தியம் சூடான பிறகு, மேடையிலேயே ஒருமுறை சுருதி சேர்க்க விடுங்கள்.

இதற்கு இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். கூப்பிட்டால் நேரிலும் வருகிறோம், ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். அதுவரை வரவேற்பு ஊர்வலத்துக்கு எங்களில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அழைப்பிதழில் எங்கள் பெயரையோ எங்கள் பாண்டின் பெயரையோ போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
யூஃபோனியம் வாசிப்பவன்,
ஹட்டன்